உடம்பு திடீரென்று கொதிக்குதா? பொடி வாங்கும் முன் இதைப் படியுங்கள்



சென்ற மாதம் நாங்கள் போயிருந்த ஒரு குழுக் கூட்டத்தில், ஒரு அக்கா இரண்டாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்றால் பதில் இல்லை. கூட்டம் முடிந்து தனியாகப் பேசினோம். வயது 47. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் சூடு ஏறுதாம். ரவிக்கை, தலையணை எல்லாம் நனைஞ்சு போகுதாம். ஊருக்கு வந்த ஒருவர், மூன்று மாதம் மூலிகைப் பொடி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். "இதைப் போய் எல்லார் முன்னாடியும் எப்படி மேடம் சொல்றது?" என்றார்.

சொல்ல வேண்டியதுதான். அந்தக் கூட்டத்திலேயே இன்னும் நாலு பேருக்கு இதே தொந்தரவு இருந்திருக்கும்.

மாதவிடாய் நிற்கிற வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. உடம்பின் சூட்டைச் சமன் செய்கிற மூளைப் பகுதி அப்போது சின்ன மாற்றத்துக்கே 'உடம்பு கொதிக்குது' என்று தப்பாக நினைத்து, வியர்வையைக் கொட்ட வைக்கிறது. சில நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் இந்தத் தொந்தரவு சிலருக்கு மாதக்கணக்கில், பலருக்கு ஏழு வருஷம் வரை கூட வந்து வந்து போகும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு சின்ன வயதிலேயே, வேகமாக வரும்.

சரி, பொடி கேட்குமா? உலகத்தில் அதிகம் சோதித்துப் பார்த்தது சோயா. காக்ரேன் என்ற ஆய்வுக் குழு 2013இல் சோயா போன்ற தாவரச் சத்துகள் பற்றிய 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கட்டாயம் குறையும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொரு விஷயம், இந்த மாதிரி ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட பெண்களிலும் நிறைய பேருக்குச் சூடு குறைகிறது. அதனால்தான் "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டுச்சு" என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறோம்.

உளுந்தங்களி, எள்ளுருண்டை, சுண்டலாக அவித்த சோயா எல்லாம் நல்ல சாப்பாடு. தாராளமாகச் சாப்பிடலாம், சூட்டுக்கு மருந்து என்று நினைக்க வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரையையும் சோயாவையும் ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள், மாத்திரை சரியாக உடம்பில் சேராது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெந்தயப் பொடியை அளவில்லாமல் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கிவிடலாம். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அமுக்கரா, பிளாக் கோஹோஷ் இரண்டிலும் அபூர்வமாக ஈரல் பாதித்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சத்து மாத்திரையும் தொடக் கூடாது. லேபிளே இல்லாத பொடியில் ஈயம் கலந்திருந்தால் யாருக்குத் தெரியும்? இயற்கை என்றால் கெடுதல் இல்லை என்று யார் சொன்னது?

செலவில்லாமல் செய்யக் கூடியது உண்டு. நைலான் சேலையை விட்டு பழைய பருத்திச் சேலையில் படுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு சொம்பு தண்ணீரும் மாற்று ரவிக்கையும் தலைமாட்டில் இருக்கட்டும். சூடான காபியும் காரமும் யாருக்குக் கிளப்பிவிடுகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். எடை அதிகம் உள்ளவர்களுக்கு எடை குறைந்தால் சூடும் குறையும். தாங்க முடியாவிட்டால் ஹார்மோன் மருந்து இருக்கிறது, ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கிறது. யாருக்கு எது ஒத்துவரும் என்று டாக்டர் பார்த்துத்தான் கொடுப்பார்.

ராத்திரி வியர்வை எல்லாமே இதனால் வருவதும் இல்லை. கூடவே ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம், காசநோயாக இருக்கலாம். தைராய்டு அதிகமானாலும் வியர்க்கும். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

அந்த அக்கா கடனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்களோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது, அவருக்கே அது தெரியாது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். பொடிக்காரரிடம் கொடுத்த ஐந்நூறு ரூபாய் முன்பணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.