காணாது கண்ட சொல்

கண்ணிற் பட்டவற்றை எல்லாம் நாம் அறிகின்றோமா? பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேனும் குழுவினரும் 2001-ல் வெளியிட்ட சோதனையை நோக்குவோம். ஒரு சொல்லை 29 மில்லி விநாடியே காட்டி, உடனே வேறு உருவங்களால் மறைத்தனர். பார்த்தவர்களோ சொல் எதையும் காணவில்லை என்றனர். ஆயினும் மூளையில் எழுத்தை இனங்காணும் பகுதி தொழிற்பட்டது. அச்சொல்லே மீண்டும் வந்தபோது விடையும் விரைந்து வந்தது. மறைக்காது காட்டியபோது கிளர்ச்சி பன்மடங்கு பெருகி, நெற்றிப்புறப் பகுதிகளுக்கும் உச்சிப்புறப் பகுதிகளுக்கும் பரவியது. தொலைவிலுள்ள பகுதிகள் வலையாக இணைந்து செய்தியைப் பகிர்வதே உணர்ந்தறிதல் என்பது தெஹேன் கொள்கை.

பொறியறிவையும் மனவறிவையும் பிரித்துப் பயிலும் நம் வாசகர்க்கு இவ்வினா புதிதன்று. எனினும் இரண்டும் ஒன்றே என அவசரப்படுதல் தகாது. ஆய்வாளரிடையிலேயே வழக்குத் தீரவில்லை. உணர்ந்தறிதலுக்கு மூளையின் பின்புறமே முதன்மையானது என்பர் ஜூலியோ தொனோனியின் கொள்கையைச் சார்ந்தோர். இரு சாராரும் தத்தம் எதிர்பார்ப்புகளை முன்னரே எழுதிவைத்து, ஒரே சோதனைக்கு உடன்பட்டனர். எம் கருத்தில் இதுவே பாராட்டத்தக்கது. முடிவு 2025-ல் அச்சேறியது. தெஹேன் எதிர்பார்த்தவாறு காட்சி மறையும் கணத்தில் நெற்றிப்புறம் கிளர்ந்தெழவில்லை. தொனோனி எதிர்பார்த்தவாறு பின்புறப் பகுதிகள் காட்சி நீடித்த அளவும் ஒத்தியங்கவுமில்லை.