ஒரு கவளத்தின் பயணம்

நுழையும்முன்

பசித்த குழந்தையின் முன் உணவு இருக்கிறது. ஊட்டுவதற்குக் கையும் இருக்கிறது. ஆயினும் கவளம் தொண்டையைக் கடக்க மறுக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகள் பலரின் வீடுகளில் நாள்தோறும் நிகழும் இப்போராட்டத்தையும், அதில் துணைநிற்கும் சமூக உணவியல் வல்லுநரின் பணியையும் இப்பாடம் விளக்குகிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர், நடக்க இயலாதோர் ஆகியோரை அழைத்து உணவளித்து, எஞ்சியதையே தான் உண்டான். பசி தீர்த்தலைத் தலையாய அறமாகப் போற்றிய மரபு நம்முடையது. எனினும், உணவைக் கொடுப்பதோடு அவ்வறம் நிறைவடைவதில்லை. கொடுத்த உணவைக் குழந்தையால் உண்ண முடிகிறதா என நோக்குவதும் அவ்வறத்தின் தொடர்ச்சியே ஆகும்.

விழுங்குதல் என்னும் விந்தை

விழுங்குதல் எளிய செயலாகத் தோன்றுகிறது. உண்மையில், வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றின் இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் உரிய வரிசையில் இயங்கினால்தான் அது நிகழும். கவளம் தொண்டையை அடைந்ததும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. குரல்வளை மூடி மூச்சுக்குழாயின் வாயிலைக் காக்கிறது. உணவு உணவுக்குழாயில் இறங்குகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு இவ்வொழுங்கு குலையக்கூடும். அப்போது உணவோ நீரோ மூச்சுக்குழாயில் நுழைந்து நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். சிலருக்கு இருமல்கூட வராது என்பதால், இவ்விடர் வெளியே தெரியாமல் தொடர்வதும் உண்டு.

அடமா? அல்லலா?

குழந்தை வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினால், ‘அடம்பிடிக்கிறது’ என்கின்றனர் சுற்றியிருப்போர். ‘இப்படிப்பட்ட பிள்ளை மெலிந்துதான் இருக்கும்’ என்றும் கூறித் தேற்றுகின்றனர். இரண்டும் பிழையான எண்ணங்கள். ஒவ்வொரு வாய் உணவும் மூச்சுத்திணறலைத் தருமாயின், வாயை மூடுதல் தற்காப்பே அன்றி அடமன்று. மெலிவு பெரும்பாலும் போதிய உணவு உட்செல்லாமையின் விளைவாகும். ஒரு வேளை உணவை முடிக்க அரைமணி நேரத்திற்கு மேலாதல், உண்ணும்போது இருமுதல், அடிக்கடி மார்புச்சளி பிடித்தல், எடை கூடாமை ஆகியன உதவி நாட வேண்டியதை உணர்த்தும் அறிகுறிகள்.

வீடு தேடிவரும் வல்லுநர்

மருத்துவமனையில் எழுதித்தரும் உணவுப் பட்டியல் மட்டும் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. சிக்கல் இருப்பது வீட்டு அடுக்களையில், ஊட்டுபவரின் மடியில். எனவேதான் பிரித்தானியாவில் சமூக உணவியல் வல்லுநர்கள் குழந்தையின் வீட்டிற்கும் சிறப்புப் பள்ளிக்கும் செல்கின்றனர். குழந்தை உண்பதை நேரில் காண்கின்றனர். நிமிர்ந்து நிற்க இயலாத குழந்தையின் உயரத்தை, முழங்கால் முதல் பாதம் வரையிலான நீளத்தைக் கொண்டு கணிக்க முடியும். விழுங்கும் திறனை ஆராயும் பேச்சுப் பயிற்சியாளர், அமரும் நிலையைச் சீராக்கும் இயன்முறை மருத்துவர் ஆகியோருடன் இணைந்து அவர்கள் உணவுத் திட்டம் வகுக்கின்றனர். வாய்வழி உண்பது பாதுகாப்பற்றது என மருத்துவர் முடிவு செய்தால், வயிற்றில் பொருத்தப்படும் குழாய்வழிச் செலுத்தும் உணவின் அளவையும் நேரத்தையும் வரையறுத்துத் தருகின்றனர்.

பக்குவமே பாதுகாப்பு

பல வேளைகளில் வீட்டு உணவின் பக்குவத்தை மாற்றினாலே போதும். எளிதெனக் கருதப்படும் தண்ணீரே சிலருக்குக் கடினமானது. தொண்டை ஆயத்தமாகும் முன் அது விரைந்து இறங்கிவிடும். ரசம் ஊற்றிய சோற்றில் நீர் முன்னும் பருக்கை பின்னுமாகப் பிரிவதால் அதுவும் இடர்தரும். பருப்பும் சோறும் ஒரே பதமாகக் குழைய மசித்த உணவை விழுங்குதல் எளிது. குறைவாக உண்ணும் குழந்தைக்கு அக்குறைந்த அளவிலேயே ஆற்றல் செறிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தருகிறது. மசித்த சோற்றில் சேர்க்கும் ஒரு தேக்கரண்டி நெய், ஏறத்தாழ 40 கிலோ கலோரியைக் கூட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

விழுங்குவதில் இடர்ப்படுவோருக்கான உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பகுக்கும் பன்னாட்டு வரையறை ஒன்று உண்டு. குறிப்பிட்ட அளவுடைய 10 மில்லி லிட்டர் ஊசிக்குழலில் பானத்தை நிரப்பி, 10 நொடிகள் ஒழுகவிட்டு, எஞ்சிய அளவைக் கொண்டு பானத்தின் கெட்டித்தன்மையை அறியலாம்.

ஊட்டும் முறை

படுக்கவைத்தோ தலையைப் பின்சாய்த்தோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் நுழையும் வாய்ப்பு மிகும். சங்கில் பால் புகட்டுவதற்குக் குழந்தையை மடியில் கிடத்தும் பழக்கம் இக்குழந்தைகளுக்கு ஏற்றதன்று. நிமிர்த்தி அமர்த்தி, பாதங்களுக்குத் தாங்கல் தந்து, தலை சற்றே முன்குனிந்திருக்க ஊட்டுதல் பொதுவாக நன்று. கரண்டி குழந்தையின் கண்ணுக்குத் தெரியுமாறு முன்னிருந்து வர வேண்டும். ஒரு வாய் உணவை முற்றிலும் விழுங்கிய பின்னரே அடுத்த வாய் ஊட்ட வேண்டும். குழந்தைக்குக் குழந்தை நிலை வேறுபடுவதால், வல்லுநரின் வழிகாட்டல் இன்றியமையாதது.

சமூகத்தின் கடமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுள்ள 21 வகைக் குறைபாடுகளுள் மூளை முடக்குவாதமும் அடங்கும். 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகள் நம் ஊர்களில் உள்ளன. அங்கே குழந்தையின் எடையைக் குறிக்கும் பணியாளரும், வீட்டிற்கே சென்று கற்பிக்கும் சிறப்பாசிரியரும் மேற்கண்ட அறிகுறிகளை அறிந்திருப்பின், உதவி உரிய காலத்தில் கிட்டும். நாளின் பெரும்பகுதியை ஊட்டுவதிலேயே செலவிட்டுக் களைக்கும் தாய்க்குத் தேவை குறைகூறும் சொற்கள் அல்ல. அருகில் அமர்ந்து வழிகாட்டும் ஒருவர். அத்துணையை ஒவ்வொரு வீட்டிற்கும் கொண்டுசேர்ப்பதே இன்றைய பசிப்பிணி நீக்கும் அறமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி அங்கன்வாடிப் பணியாளரைச் சந்தித்து, குழந்தைகளின் வளர்ச்சி கண்காணிக்கப்படும் முறையை அறிந்து குறிப்பெழுதுக.

2. ‘ஊட்டுதல் தாயின் தனிப்பொறுப்பா? சமூகத்தின் கூட்டுப்பொறுப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.