பதில் கேளாத குரல்

தேர்தல் நெருங்கும் நாட்களில் வீட்டுக் கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்தால், "வணக்கம், நான் உங்கள் வேட்பாளர் பேசுகிறேன்" என்கிறது ஒரு குரல். "யாருப்பா நீ?" என்று பாட்டி கேட்கிறார். குரலோ நிற்காமல் பேசிக்கொண்டே போகிறது! அது பதிவு செய்யப்பட்ட ஒலி. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அன்றைய பிரதமர் வாஜ்பாயின் குரல் இவ்வாறுதான் நாடெங்கும் தொலைபேசிகளில் ஒலித்தது. ஒருவர் ஒரே சமயத்தில் இத்தனை வீடுகளில் பேசுவது எப்படி?

முதலில் ஒலியைச் சேமிக்கும் வழியைப் பார்ப்போம். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள் மேலைக்கோயில் குடைவரைக்கு அருகே பாறையிலுள்ள இசைக் கல்வெட்டைக் கண்டிருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டினது என்று பெரும்பாலோர் கருதும் அக்கல்வெட்டில், சுரங்கள் நான்கு நான்காகச் சேர்த்து ஏழு பிரிவுகளில் வெட்டப்பட்டுள்ளன. காற்றில் கரைந்துவிடும் ஒலி அங்கே குறியீடாக நிற்கிறது. ஆனால் அதை மீண்டும் ஒலியாக்க ஓர் இசைக் கலைஞர் வேண்டும். தொலைபேசியில் அந்த வேலையையும் இயந்திரமே செய்துவிடுகிறது.

வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களையே கடத்தும். ஓர் அலையை எண்களாக்க வேண்டுமானால், அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை, ஒவ்வொரு விநாடியும் அதனை அளக்க வேண்டும். 3400இன் இரு மடங்கு 6800. சற்றுத் தாராளமாக 8000 தடவை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 256 படிகளுள் ஒன்று. ஆக, அரை நிமிடப் பேச்சு என்பது 2,40,000 எண்கள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது!

இனி அழைப்பு. இவ்வகை எண்முறைத் தடம் ஒன்றில் 30 உரையாடல்கள் ஒருங்கே செல்லும். மணியடிக்கும் நேரமும் சேர்த்து ஓர் அழைப்புக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1800 அழைப்புகள். பத்து மணி நேரத்தில் 18,000. இது ஒரே ஒரு தடத்தின் கணக்கு. எண்களின் பட்டியலைப் பார்த்துக் கணிப்பொறி தானே சுழற்றுகிறது. நீங்கள் எடுக்காவிட்டால் மறுபடியும் சுழற்றும். அதற்கு அலுப்பு ஏது?

பாட்டியின் கேள்வி மறுமுனையை அடையத்தான் செய்கிறது. அதைப் புரிந்துகொள்ள அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். "ஒன்றை அழுத்துங்கள்" என்று சொல்லும் இயந்திரங்களுக்கு மட்டும் ஒரு மொழி தெரியும். 1 என்ற பொத்தானுக்கு 697, 1209 ஹெர்ட்ஸ் என்ற இரு சுரங்கள் ஒருசேர ஒலிக்கும். 2 என்றால் 697, 1336.

தொந்தரவோடு போயிற்றா என்றால், இல்லை. குரல் எண்களாகிவிட்ட பின், பேசாத பேச்சையும் எண்களால் கட்டிவிடலாம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அதிபர் பைடனின் குரல்போலச் செயற்கை நுண்ணறிவால் செய்த குரல் ஒன்று, முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்று வாக்காளர்களை அழைத்துச் சொன்னது. அடுத்த மாதமே இத்தகைய அழைப்புகள் சட்டவிரோதம் என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அறிவித்தது. 3400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுட்பங்களைத் தொலைபேசி வெட்டிவிடுவதால், போலியைக் காதால் பிரித்தறிவது இன்னும் கடினம்.

நம் நாட்டில் அரசியல் குரல் அழைப்புகளுக்கு முன்சான்று பெற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. வாக்களிக்கும் நாளோ சாவடியோ மாறிவிட்டது என்று எந்தக் குரலாவது சொன்னால், உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆணையத்தின் 1950 என்ற எண்ணுக்குத் தாமே அழைத்துக் கேட்கும்படி பாட்டியிடம் சொல்லி வையுங்கள்.