நல்லூர்த் திருவிழாவும் வெயிலும்: பயணத்திற்கு முன் சில மருத்துவக் குறிப்புகள்



கோடை விடுமுறை வந்துவிட்டால் எம்மவர் பலர் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறார்கள். யாழ்ப்பாண இராசதானியின் தலைநகராக இருந்த நல்லூரில் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவமும் ஆடி, ஆவணியை ஒட்டியே வருகிறது. 1980களிலும் 90களிலும் அகதிகளாக இங்கு வந்த நாம் அப்போது இளைஞர்கள். இன்று எம்மில் பலருக்கு வயது ஐம்பதையும் அறுபதையும் தாண்டிவிட்டது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய் என்று குளிசைப் பெட்டியும் கூடவே வருகிறது. ஊர் வெயில் எமக்குப் பழகியதுதானே என்று நினைப்பது இந்த இடத்தில் பொருந்தாது.

உடல் ஏன் தடுமாறுகிறது?

வியர்வை காயும்போதுதான் உடல் குளிர்கிறது. கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் காற்றில் ஈரப்பதன் அதிகம். அதனால் வியர்வை வழிகிறதே தவிர இலகுவில் காய்வதில்லை. நிழலில் 32, 33 பாகை செல்சியஸ் என்றாலும் உடலுக்கு அதைவிடக் கூடுதலாகவே தெரியும். வெப்பத்திற்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். பேர்ணில் முப்பது வருடம் வாழ்ந்த உடல் அந்தப் பழக்கத்தை இழந்துவிட்டது. இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அது இருந்ததே இல்லை. முதியோருக்கோ தாக உணர்வே குறைந்துவிடுகிறது.

புனித நகரங்களில் சனநெரிசலும் வெயிலும் சேரும்போது என்ன நடக்கும் என்பதை 2024 யூன் மாதம் மக்காவில் உலகம் பார்த்தது. 50 பாகையைத் தாண்டிய வெயிலில் 1,300இற்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் உயிரிழந்தார்கள். நல்லூரில் அந்த அளவு வெப்பம் இல்லை. ஆனால் வயது, நோய், நீண்ட நடை, குறைந்த நீர் ஆகிய காரணங்கள் இரு இடத்திற்கும் பொதுவானவை.

விரதமும் மருந்தும்

திருவிழா நாட்களில் ஒருநேர உணவோடு விரதம் இருப்போர் பலர். நீரிழிவு உள்ளவர்கள் புறப்படுவதற்கு நாலு வாரம் முன்பே குடும்ப வைத்தியரிடம் இதைச் சொல்லுங்கள்.

- கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் உணவில்லாத நேரத்தில் சீனியை அளவுக்கு மீறிக் குறைத்துவிடலாம். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் அதை வெயிலின் களைப்பு என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். உடனே சீனியோ குளுக்கோசோ எடுங்கள்.
- எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் ஆகியவை சிறுநீரோடு சீனியையும் நீரையும் வெளியேற்றுபவை. நீர் குறைந்த உடலில், விரதத்தோடு சேர்ந்தால் இரத்தம் அமிலத்தன்மை அடையும் ஆபத்து உண்டு.
- அமுக்கத்திற்கும் இருதயத்திற்கும் எடுக்கும் நீர்க்குளிசைகளின் அளவை வெயில் காலத்தில் மாற்ற வேண்டி வரலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். வயிற்றோட்டம் அல்லது வாந்தி வந்தால் எந்தக் குளிசையை இடைநிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.
- இன்சுலினைக் கைப்பையில் கொண்டு செல்லுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தில் உறையக்கூடும். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் வெயிலில் நிற்கும் வாகனத்துள் விட்டுவிடாதீர்கள். ஊருக்கும் இங்குக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஊசி போடும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களைக் கவனியுங்கள்

இதை நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். கோயில் வீதியில் செருப்பில்லாமல் நடப்பது எம் வழக்கம். நண்பகலில் வெயிலில் கிடக்கும் மணல் 50 பாகையைத் தாண்டக்கூடும். பல வருட நீரிழிவால் பாதத்தின் உணர்வு குறைந்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்ததும் தெரியாது. அந்தச் சிறு கொப்புளம் புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலை வரை போகலாம். ஆகவே அதிகாலையிலோ மாலையிலோ வீதி சுற்றுங்கள். ஒவ்வொரு இரவும் பாதத்தைக் கழுவி, துடைத்து, வீட்டில் ஒருவரைக் கொண்டு அடிப்பாதத்தைப் பார்ப்பியுங்கள். பிரதட்டை, அடியழித்தல் என்று நேர்த்தி வைத்திருப்போர் மணல் சூடேறுமுன் செய்து முடியுங்கள். நேரத்தை மாற்றுவதால் நேர்த்தி குறைந்துவிடாது.

எதைக் குடிப்பது?

தாகம் வருமுன்பே குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளானால் நீர் போதவில்லை என்று அறிக. தண்ணீர், மோர், இளநீர் நல்லவை. ஆனால் சிறுநீரக நோயாளர் இளநீரைத் தவிர்க்க வேண்டும், அதில் பொற்றாசியம் அதிகம். தண்ணீர்ப்பந்தல்களில் கிடைக்கும் சர்க்கரைத் தண்ணீர் நீரிழிவுக்காரருக்கு ஏற்றதல்ல. இருதயம் பலவீனமானவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றோட்டத்திற்கு ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஜீவனி நல்லது. கிடைக்காவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

ஆபத்து அறிகுறிகள்

தலையிடி, குமட்டல், கால் பிடிப்பு, மிகுந்த களைப்பு வந்தால் நிழலுக்குப் போய்ப் படுத்து, காலைச் சற்று உயர்த்தி, நீர் அருந்துங்கள். பேச்சுத் தடுமாறினால், ஆளை அடையாளம் தெரியாவிட்டால், மயங்கினால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்திருக்கும். உடனே 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அது வரும்வரை உடலை நனைத்து விசிறுங்கள். கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கில் குளிர்ந்த துணி வையுங்கள். மயங்கியவர் வாயில் நீர் ஊற்ற வேண்டாம். பரசிற்றமோல் இந்த வெப்பத்தைக் குறைக்காது.

திரும்பி வந்த பின்

இலங்கையில் மலேரியா ஒழிக்கப்பட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. டெங்கு இன்னும் இருக்கிறது. வந்து இரண்டு வாரத்திற்குள் காய்ச்சல் கண்டால் அஸ்பிரின், இபுபுறோபன் எடுக்காமல் வைத்தியரிடம் போய், எங்கே போய் வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

வருடக் கணக்காகக் காத்திருந்து போகும் பயணம் இது. பெற்றோரின் குளிசைப் பட்டியலைப் பிள்ளைகளும் ஒரு பிரதி எடுத்து வைத்திருங்கள். நலமாகப் போய், தேர் பார்த்து, நலமாகத் திரும்புவோம்.