யாருடைய சாட்சி, எதற்கு?

அன்புள்ள கயல்விழிக்கு,

இதயத்தின் மேலறை ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் அனுபவங்களைப் படித்துக் குழம்பிப்போனதாக எழுதியிருந்தாய். ஒருவர் மறுபிறவி எடுத்தேன் என்கிறார். இன்னொருவர் மூன்றே வாரத்தில் படபடப்பு திரும்பிவிட்டது, வலிதான் மிச்சம் என்கிறார். யாரை நம்புவது என்று கேட்கிறாய். இருவரையுமே நம்பலாம். ஆனால் அவர்கள் எந்தக் கேள்விக்குச் சாட்சி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இரவு தூக்கம் வருகிறதா என்பதற்கெல்லாம் நோயாளியைவிட நல்ல சாட்சி கிடையாது. துடிப்பு உண்மையிலேயே சீராகிவிட்டதா என்பதற்கு அவர் சொல் மட்டும் போதாது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று வாரக் கதையைப் பார்ப்போம். 1987-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ஜேம்ஸ் காக்ஸ் முதன்முதலாகச் செய்த ‘மேஸ்’ அறுவை சிகிச்சையில், நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தின் மேலறைச் சுவரைப் பல இடங்களில் வெட்டித் தைத்தார்கள். தழும்பின் வழியே மின்துடிப்பு பாயாது என்பதுதான் அதன் அடிப்படை. பிறகு கத்திக்குப் பதிலாகச் சூடும் குளிரும் வந்தன. இன்று வால்வு கோளாறு போன்ற வேறு காரணத்துக்காக நெஞ்சைத் திறக்க வேண்டியிராதவர்களுக்கு, விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளைகள் போட்டு, ஒரு பக்க நுரையீரலைச் சற்று நேரம் சுருக்கிவைத்துக்கொண்டு, நுரையீரல் சிரைகள் மேலறையில் சேரும் இடத்தைச் சுற்றிச் சுடுகிறார்கள். துளை சிறிதுதான், ஆனாலும் விலாவை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்குவதால் இருமும்போதும் புரண்டு படுக்கும்போதும் வலி கொல்லும். சுட்ட இடம் ஆறும்வரை அந்தப் புண்ணே துடிப்பைக் குலைக்கும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று மாதப் படபடப்பை மருத்துவர்கள் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாம் வாரத்தில் எழுதப்பட்ட புலம்பலில் வேதனை முழுக்க உண்மை. சிகிச்சை தோற்றதா என்பது மட்டும் அன்றைக்குத் தெரியாது.

துடிப்பைப் பதியும் கருவியின் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2020-இல் வெளியான காசா-ஏஎஃப் ஆய்வில், நெடுநாளாக விடாமல் நோய் நீடித்த 120 பேரை பிரிட்டனில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தத் துளைவழி அறுவையும் மறு பிரிவுக்குத் தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருந்தே சுடும் கதீட்டர் அப்லேஷனும் செய்தார்கள். எல்லோருக்கும் நெஞ்சுத் தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவி. ஓராண்டு முடிவில் ஒரே சிகிச்சையோடு, மருந்தில்லாமல், ஒழுங்கற்ற துடிப்பே எட்டிப்பார்க்காதவர்கள் அறுவையில் 26 சதவீதம், கதீட்டரில் 28 சதவீதம். படித்ததும் மனம் விட்டுப்போகும். ஆனால் இத்தகைய ஆய்வுகளில் ஒழுங்கற்ற துடிப்பு 30 விநாடி நீடித்தாலே அது தோல்வி. அதே ஆய்வில் நோயின் மொத்த நேரம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தவர்கள் அறுவையில் 67 சதவீதம், கதீட்டரில் 77 சதவீதம். தோற்றதாக எண்ணப்பட்டவர் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றால் அதில் பொய்யில்லை. அறுவைதானே பெரிது, அதுவே பலன் தரும் என்ற பொது நம்பிக்கையும் இங்கே நிற்கவில்லை. துடிப்புக் கணக்கு ஏறக்குறைய சமம், அறிகுறிகள் குறைந்ததில் கதீட்டர் பிரிவினரே முந்தினார்கள். நோயாளிகளைக் கேட்டிராவிட்டால் இந்த வேறுபாடு வெளியே வந்திருக்காது.

அனுபவம் என்பதே மனப்பிரமைதான், ஏதோ செய்தார்கள் என்ற தெம்பில் வரும் சுகம் என்று சிலர் வாதிடுவார்கள். ஒதுக்கிவிடக்கூடிய வாதமல்ல அது. அதைச் சோதிக்கவே பிரிட்டனில் 126 பேரில் பாதிப்பேருக்குக் கதீட்டர் சிகிச்சையும், மீதிப்பேருக்கு மயக்க மருந்தோடு பாவனைச் சிகிச்சையும் செய்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. 2024-இல் வந்த முடிவின்படி, ஆறு மாதத்தில் நோயின் நேரம் உண்மைச் சிகிச்சைப் பிரிவில் 60 சதவீதமும் பாவனைப் பிரிவில் 35 சதவீதமும் குறைந்திருந்தது. வாழ்க்கைத்தரமும் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கே தெளிவாக உயர்ந்தது. இது கதீட்டரைப் பற்றிய சான்று, அறுவைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் நோயாளி உணரும் நன்மை வெறும் தெம்பு என்று தள்ளிவிடவும் இனி முடியாது.

அப்படியானால் நன்றாக உணர்கிறவர் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை ஏன் தொடர வேண்டும் என்று நீ கேட்பாய். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் 50 பேருக்கு அப்லேஷனுக்கு முன்பே கருவி பொருத்திப் பார்த்தார்கள். நோயாளிக்குத் தெரியாமலே வந்துபோன துடிப்புக் கோளாறு, சிகிச்சைக்கு முன் மொத்தத்தில் 52 சதவீதம், பின் 79 சதவீதம். சிகிச்சை நோயைக் குறைத்தது, மிஞ்சியதை மௌனமாக்கவும் செய்தது. ரத்தக்கட்டி உருவாவதற்குப் படபடப்பு தேவையில்லை. கொரியாவில் 840 பேரிடம் நடந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு, மாத்திரையை நிறுத்தியவர்களே நலமாக இருந்ததாகச் சொல்கிறதே என்று யாரேனும் காட்டலாம். சரிதான். ஆனால் அவர்கள் அப்லேஷனுக்குப் பிறகு ஓராண்டாவது நோய் திரும்பவில்லை என்று பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்டவர்கள். மருத்துவர் பதிவுகளைப் பார்த்து நிறுத்துவது வேறு, சுகமாக இருக்கிறது என்று தானே நிறுத்துவது வேறு. ஆகவே ஓர் அனுபவத்தைப் படிக்கும்போது, எந்தச் சிகிச்சை, முடிந்து எத்தனை மாதம், எப்படிக் கண்காணித்தார்கள் என்று தேடிப்பார்.

கருவிக்காகக் காத்திருக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. மேலறைக்குப் பின்னாலேயே உணவுக்குழாய் இருப்பதால், மிக அரிதாக, சுட்ட சூடு அதையும் துளைத்துவிடும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, அல்லது கைகால் தடுமாற்றமாக அது தலைகாட்டும். அப்படி யாராவது சொன்னால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து விட்டுவிடாதே. சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே அன்றே அனுப்பு. எண்டோஸ்கோப்பி செய்தால் ஊதும் காற்று இதயத்துக்குள் புகுந்துவிடும் அபாயம் உண்டு, சி.டி. ஸ்கேன்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பதையும் அங்கே சொல்லச் சொல்.

அன்புடன்,
அத்தை