ஒரு காசு வரி, ஒரு புதிய ஆறு

புல் வெட்டிய ஆறு

ஆற்றில் தண்ணீர் ஓடும். மீன் துள்ளும். மழைக்காலத்தில் வெள்ளம் வரும். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், ஆற்றுக்குள் புல் வெட்டிய ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்டா?

அப்படி ஓர் ஊர் இருந்தது. அதன் பெயர் ஓக்லஹோமா நகரம். அது அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. ஓக்லஹோமா மாநிலத்தின் தலைநகரம் அது.

அந்த நகரத்தின் வழியாக ஓர் ஆறு போகிறது. அதன் பெயர் வட கனடியன் ஆறு. 1923-ஆம் ஆண்டு அந்த ஆற்றில் பெரிய வெள்ளம் வந்தது. வீடுகள் மூழ்கின. மக்கள் துன்பப்பட்டார்கள்.

இனிமேல் வெள்ளம் ஊருக்குள் வரக் கூடாது என்று அரசு நினைத்தது. ஆறு வளைந்து வளைந்து போனது. அந்த வளைவுகளை 1950-களில் எடுத்தார்கள். ஆற்றை வாய்க்கால் போல நேராக வெட்டினார்கள். இரண்டு பக்கமும் கரையை உயர்த்தினார்கள். வந்த தண்ணீர் வேகமாக ஓடிப் போனது. ஆற்றின் மேல்பகுதியில், குடிநீருக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள்.

வெள்ளப் பயம் குறைந்தது. ஆனால் ஆற்றில் தண்ணீரும் இல்லாமல் போனது. ஆற்றின் நடுவே புல் முளைத்தது. நகராட்சி ஆட்கள் ஆண்டுக்குச் சில தடவை வந்து அந்தப் புல்லை வெட்டினார்கள். "எங்கள் ஊர் ஆற்றுக்குத் தண்ணீர் வேண்டாம், புல் வெட்டும் இயந்திரம் போதும்" என்ற மாதிரி மக்கள் கேலி பேசிக்கொண்டார்கள்.

கைவிட்டுப் போன வேலை

1991-ஆம் ஆண்டு ஒரு விமான நிறுவனம் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய நிலையம் ஒன்றை அமைக்க இடம் தேடியது. அது வந்தால் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைக்கும். பல நகரங்கள் போட்டி போட்டன. ஓக்லஹோமா நகரமும் போட்டி போட்டது. பல சலுகைகளைத் தருவதாகச் சொன்னது.

ஆனால் அந்த வேலை வேறொரு நகரத்துக்குப் போய்விட்டது. அந்த நகரம் இண்டியானாபொலிஸ்.

அப்போது ஓக்லஹோமா நகரத்தின் மேயர் ரான் நோரிக். ஏன் நம் ஊர் தோற்றது என்று அவர் விசாரித்தார். அவருக்குக் கிடைத்த பதில் இதுதான்: வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து வாழ ஆசைப்படும் ஊராக அது இல்லை.

மாலையில் பிள்ளைகளை அழைத்துப் போக ஓர் இடம் வேண்டும். நடக்க ஒரு கரை வேண்டும். நல்ல நூலகம் வேண்டும். இவை இல்லாத ஊருக்கு ஆட்கள் வர மாட்டார்கள். இந்தப் பாடம் அந்த நகரத்துக்கு அன்று புரிந்தது.

மக்கள் போட்ட ஓட்டு

ஊரைத் திருத்தப் பணம் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

நகராட்சி ஒரு திட்டம் போட்டது. அமெரிக்காவில் பணத்தை டாலர் என்பார்கள். நம் ஒரு ரூபாய்க்கு 100 காசு. அதுபோல ஒரு டாலருக்கு 100 சென்ட். கடையில் ஒரு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட் வரி. அதாவது, ரூபாய்க்கு ஒரு காசு போல.

அந்தத் திட்டத்தில் 9 வேலைகள் இருந்தன. நூலகம், விளையாட்டு மைதானம், இசை அரங்கம், வாய்க்கால், போக்குவரத்து என்று பல. ஆற்றில் தண்ணீர் நிறுத்துவதும் அவற்றில் ஒன்று.

மேயரும் உறுப்பினர்களும் மட்டும் கூடி இதை முடிவு செய்யவில்லை. மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். 1993 டிசம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்ட 100 பேரில் ஏறக்குறைய 54 பேர் "சரி" என்றார்கள். மற்றவர்கள் "வேண்டாம்" என்றார்கள். நூலிழையில் வந்த வெற்றிதான் அது.

இந்த வரியில் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று: வரிக்குக் கெடு உண்டு. 5 ஆண்டுகள் வசூலித்த பிறகு நின்றுவிட வேண்டும்.

இரண்டு: என்னென்ன வேலைக்கு என்று முதலிலேயே பட்டியல் கொடுத்தார்கள்.

மூன்று: கடன் வாங்கவில்லை. பணம் சேரச் சேர வேலை நடந்தது. சேர்ந்த பணத்துக்கு வட்டியும் வந்தது.

நான்கு: வேலையை மேற்பார்வை பார்க்க ஊர் மக்களைக் கொண்ட ஒரு குழு இருந்தது.

வேலை தாமதமானது. செலவும் கூடியது. மக்கள் முணுமுணுத்தார்கள். 1998-இல் பந்து விளையாட்டு மைதானம் திறக்கப்பட்டது. போட்ட பணம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் மக்களிடம் ஓட்டுக்கு வந்தார்கள். "இன்னும் 6 மாதம் வரி வாங்கலாமா?" என்று கேட்டார்கள். மக்கள் ஒப்புக்கொண்டார்கள். 1999-இல் அந்த வரி நின்றது. மொத்தம் 30 கோடி டாலருக்கு மேல் வசூலானது.

ஒன்றை மறக்கக் கூடாது. கடையில் வாங்கும் வரி எல்லோருக்கும் ஒரே அளவு. ஆனால் பாரம் ஒன்றல்ல. ஏழை, வருமானம் முழுவதையும் கடையில்தான் செலவழிக்கிறார். பணக்காரர் ஒரு பகுதியைச் சேமிக்கிறார். ஆகவே இந்த வரி ஏழைக்குத்தான் கூடுதல் சுமை. அவர் கொடுத்த காசில் அவருக்கும் பயன் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நியாயம் ஆகாது.

மூன்று தடுப்பணைகள்

ஆற்றில் மூன்று இடங்களில் தாழ்வான தடுப்பணைகள் கட்டினார்கள். தண்ணீர் ஓடிப் போகாமல் நின்றது. ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு நிரம்பியது. 2004-இல் இந்த வேலை முடிந்தது. நகருக்குள் உள்ள அந்தப் பகுதிக்கு அதே ஆண்டு புதிய பெயர் வைத்தார்கள். ஓக்லஹோமா ஆறு என்பது அந்தப் பெயர்.

அணைக்கு மேலே நீர்மட்டம் உயரம். கீழே தாழ்வு. படகு எப்படிக் கடக்கும்? அதற்கு அணையின் பக்கத்தில் ஒரு தொட்டி கட்டினார்கள். தொட்டிக்கு இரண்டு பக்கமும் கதவு. படகு உள்ளே போனதும் கதவை மூடுவார்கள். தண்ணீரை விட்டால் படகு மேலே ஏறும். தண்ணீரை வடித்தால் படகு கீழே இறங்கும். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்தால் படகு வெளியே போகும்.

இங்கே ஓர் எதிர்பாராத நன்மை நடந்தது. வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றை நேராக வெட்டினார்கள் அல்லவா? படகுப் போட்டிக்கு வேண்டியதும் நேரான நீர்வழிதான். ஒலிம்பிக்கில் படகுப் போட்டி 2,000 மீட்டர் தூரம் நடப்பது வழக்கம். அவ்வளவு தூரம் நேராக இருக்கும் ஆறு நகரத்தின் நடுவில் கிடைப்பது அரிது. அங்கே அது கிடைத்தது.

படகுக் கொட்டகை

கேரளத்தில் நடக்கும் வள்ளப் போட்டி நம் நாட்டில் பெயர் பெற்றது. ஆலப்புழையில் புன்னமடைக் காயலில் 1952 முதல் நேரு கோப்பைப் போட்டி நடக்கிறது. பாம்பு போல நீண்ட சுண்டன் வள்ளம் 100 அடிக்கு மேலும் இருக்கும். அதில் 100 பேர் வரை உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். எல்லோரும் போகும் திசையைப் பார்த்து உட்காருவார்கள். துடுப்பு அவரவர் கையில் இருக்கும்.

ஓக்லஹோமா ஆற்றில் ஓடும் போட்டிப் படகு வேறு வகை. பெரிய படகில் எட்டுப் பேர் இருப்பார்கள். அவர்கள் முதுகைக் காட்டி உட்காருவார்கள். அதாவது, படகு முன்னே போகும். அவர்கள் பின்னே பார்ப்பார்கள். துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும். உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் நகரும். அதனால் கையோடு காலின் பலமும் சேரும். ஒன்பதாவது ஆள் ஒருவர் இருப்பார். அவர் மட்டும் வழியைப் பார்ப்பார். படகைத் திருப்புவதும் குரல் கொடுப்பதும் அவர் வேலை.

எட்டுப் பேரில் ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் படகு தடுமாறும். எட்டுத் துடுப்பும் ஒன்றாக விழ வேண்டும். ஒன்றாக எழ வேண்டும்.

இந்தப் படகின் நீளம் ஏறக்குறைய 60 அடி. ஆனால் ஓர் ஆள் உட்காரும் அகலம்தான். மெல்லியது. வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்க முடியாது. அதனால் படகுகளை அடுக்கி வைக்கக் கரையிலேயே கொட்டகை வேண்டும். அங்கிருந்து படகைத் தோளில் தூக்கி வந்து தண்ணீரில் இறக்குவார்கள்.

அப்படிப்பட்ட முதல் பெரிய கொட்டகை 2006-இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் செசபீக் படகுக் கூடம். நீண்ட படகைப் போன்ற வடிவில் அதைக் கட்டினார்கள். நன்கொடை கொடுத்த எரிவாயு நிறுவனத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2010-இல் இன்னொரு கூடம் வந்தது. பள்ளி மாணவர், கல்லூரி மாணவர், பெரியவர் எனப் பலரும் அங்கே படகு வலிக்கக் கற்றார்கள்.

2009-இல் மக்கள் மீண்டும் ஓட்டுப் போட்டு, மறுபடியும் சில ஆண்டுகளுக்கு ஒரு காசு வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தப் பணத்தில் ஆற்றங்கரையில் வேகமாகப் பாயும் செயற்கை நீரோடை ஒன்றைக் கட்டினார்கள். செலவு சுமார் 4.5 கோடி டாலர். 2016-இல் அது திறக்கப்பட்டது. 2028-ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடக்கும் நகரம் லாஸ் ஏஞ்சலஸ். ஆனால் பாயும் நீரில் படகு விடும் போட்டியை ஓக்லஹோமா நகரத்தில் நடத்த 2024-இல் முடிவு செய்தார்கள். இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தூரம். ஒரு காலத்தில் புல் வெட்டிய ஊரைத் தேடி உலகப் போட்டி வருகிறது.

அக்டோபர் திருவிழா

அந்த ஆற்றில் அக்டோபர் மாதத்தில் படகுத் திருவிழா நடக்கிறது. வெளியூர்க் கல்லூரிக் குழுக்கள் வருகின்றன. பள்ளிக் குழுக்கள் வருகின்றன. அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களும் குழு சேர்த்துப் போட்டியிடுகிறார்கள்.

நீண்ட தூரப் போட்டியில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் புறப்படாது. சிறிது இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்படும். கடிகாரம் வைத்து நேரம் குறிப்பார்கள். குறைந்த நேரத்தில் வந்த படகு வெற்றி பெறும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் 500 மீட்டர் குறுந்தூரப் போட்டியும் நடக்கும். அதில் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். மக்கள் கரையில் நின்று கைதட்டுவார்கள்.

நம் நாட்டு ஆறுகள்

நம் நாட்டிலும் இத்தகைய படகுக் கழகங்கள் உண்டு. சென்னையில் அடையாற்றின் கரையில் ஒன்று இருக்கிறது. அது 1867-இல் தொடங்கியது. ஆற்றங்கரையை அழகு செய்யும் திட்டங்களும் உண்டு. அகமதாபாத்தில் சாபர்மதி ஆற்றின் இரு கரையிலும் அகலமான நடைபாதை கட்டினார்கள். அந்த ஆற்றுக்கு நர்மதைக் கால்வாயிலிருந்து தண்ணீர் விட்டார்கள். ஆனால் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. வேலை செய்யும் இடம் பலருக்குத் தூரமானது.

ஆகவே ஆற்றங்கரைத் திட்டம் வந்தால் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பணம் யாருடையது? முடிவு செய்தது யார்? கணக்கை யார் பார்ப்பார்கள்? கரையில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? திறந்த பிறகு ஏழையின் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டா?

இன்னொன்றும் உண்டு. தடுத்து நிறுத்திய தண்ணீர் ஓடும் தண்ணீர் அல்ல. மழை பெய்தால் தெருக் குப்பை அதில் வந்து சேரும். சாக்கடை கலந்தால் நாறும். கட்டுவது ஒரு நாள் வேலை அல்ல. காப்பதும் ஒரு நாள் வேலை அல்ல.

ஓக்லஹோமா நகர மக்கள் தங்கள் காசைக் கொடுத்தார்கள். எதற்கு என்று தெரிந்து கொடுத்தார்கள். எப்போது நிற்கும் என்று கேட்டுக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் கையில் இந்தக் கேள்விகள் பலமாகும். நம் கிராம சபையிலும் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்கள். அதைக் கேட்க வேண்டும். வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

கெடு – குறித்த கால அளவு
தடுப்பணை – ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தும் சிறிய அணை
மேற்பார்வை – வேலை சரியாக நடக்கிறதா என்று கவனிப்பது
காயல் – கடலோரத்தில் உள்ள நீண்ட நீர்நிலை

பதில் சொல்லுங்கள்

1. ஓக்லஹோமா நகர ஆற்றில் ஏன் தண்ணீர் இல்லாமல் போனது?
2. சுண்டன் வள்ளத்துக்கும் போட்டிப் படகுக்கும் என்ன வேறுபாடு?
3. வரிக்குக் கெடு வைத்ததால் என்ன நன்மை?

கணக்குப் போடுங்கள்

ரூபாய்க்கு ஒரு காசு வரி என்றால், 250 ரூபாய்க்குப் பொருள் வாங்கும் குடும்பம் எவ்வளவு வரி கொடுக்கும்? (விடை: 2 ரூபாய் 50 காசு)

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் ஆறு, ஏரி அல்லது குளம் இருக்கிறதா? அது முன்பு எப்படி இருந்தது? இப்போது எப்படி இருக்கிறது? அதைச் சரி செய்ய என்ன செலவாகும், பணம் எங்கிருந்து வரும், கணக்கை யார் பார்ப்பது என்று கூடிப் பேசுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு அதை எடுத்துப் போங்கள்.