வெப்பத் தாக்கு: கணவனும் மனைவியும் சேர்ந்து கற்க வேண்டிய பாடம்



பங்குனி பிறந்துவிட்டால் நம் திருப்பூரில் பகல் பதினொரு மணிக்கே தகரக் கூரைக்கு அடியில் நிற்க முடிவதில்லை. அப்படிப்பட்ட கூரைகளின் கீழ்தான் நம்மில் பலர் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்க்கிறோம். ஆகவே இம்மாதப் பாடமாக வெப்பத் தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக் என்பதை எடுத்துக்கொள்வோம். பாடத்தின் சாரம் இதுதான்: வெப்பத் தாக்கு வந்தவருக்குத் தனக்கு அது வந்திருப்பது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். வீட்டில் அந்தப் பக்கத்து ஆள் பெரும்பாலும் கணவனோ மனைவியோதான்.

களைப்பு வேறு, ஆபத்து வேறு

நம் உடம்பின் இயல்பான வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். வெளியே சூடு ஏறும்போது உடம்பு வியர்வையைச் சுரக்கிறது. வியர்வை காற்றில் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. இதற்குத் தண்ணீரும் உப்பும் செலவாகின்றன. செலவானதை நாம் திரும்பக் கொடுக்காவிட்டால் முதலில் வருவது வெப்பச் சோர்வு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர் ஆகியவை அதன் அடையாளங்கள். இந்தக் கட்டத்தில் ஆள் தெளிவாகப் பேசுவார். நிழலில் படுக்கவைத்து, உப்புக் கரைசல் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்.

அடுத்த கட்டம்தான் வெப்பத் தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கிவிடும். பேச்சு குழறும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். காரணமின்றி எரிந்து விழுவார், நடை தள்ளாடும், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். இந்த நிலையில் மூளையோடு சிறுநீரகம், கல்லீரல், இதயம் எல்லாமே பழுதாகலாம்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். "வியர்வை வருகிறதே, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்காது" என்று பலர் சொல்வார்கள். வீட்டில் முடங்கிக் கிடக்கும் முதியவர்களுக்குத் தோல் உலர்ந்து சுடும் என்பது உண்மை. ஆனால் உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். ஆகவே வியர்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள், பேச்சையும் புத்தியையும் பாருங்கள்.

நம் ஊரில் யாருக்கு வரும்?

வெயிலில் நிற்பவருக்கு மட்டும்தான் வரும் என்பதில்லை. அயர்னிங் செக்‌ஷனில் நாள் முழுக்க ஸ்டீம் நடுவே நிற்பவர், பாய்லர் பக்கம் இருப்பவர், சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர் எல்லோரையும் சூட்டோடு ஈரக்காற்றும் சூழ்ந்திருக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வடியுமே தவிர ஆவியாகாது. அப்போது உடம்பு குளிர வழியில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கும் நேரத்தைக்கூட இழப்பாகக் கணக்கிடுகிறார்.

நம் சகோதரிகளின் நிலையை வெளிப்படையாகப் பேச வேண்டும். கழிப்பறை தூரமாக இருக்கிறது, சுத்தமாக இல்லை, அடிக்கடி எழுந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார் என்பதற்காகக் காலை முதல் மாலை வரை தண்ணீரையே தவிர்க்கிறார்கள். மாலையில் லைன் வீட்டுக்கு வந்தால் பகல் முழுக்க வெந்த கூரைக்குக் கீழே அடுப்பு. வீட்டில் மூத்தவர்கள், பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் கூடுதல் கவனம் தேவை. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அண்மையில் நடந்த இரண்டு நிகழ்வுகள்

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. பகல் 11 மணி முதல் 1 மணி வரை, இலட்சக்கணக்கானோர் திறந்த வெளியில் நின்றார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள், பலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். கவனியுங்கள், அது சித்திரையும் அல்ல, அக்கினி நட்சத்திரமும் அல்ல, அக்டோபர் மாதம். குடும்பத்தோடு ஒரு விடுமுறை நாளைக் கழிக்க வந்த கூட்டம் அது. வெப்ப அலையைத் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்ததும், அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டதும் அதே 2024-ஆம் ஆண்டில்தான்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஹஜ்ஜின்போது மக்கா ஹரம் ஷரீபில் 51.8 டிகிரி வெப்பம் பதிவானது. 1,301 பேர் மரணமடைந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள், நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் அது தெரிவித்தது. மன உறுதியோ உடல் வலிமையோ வெப்பத்தைத் தடுப்பதில்லை. நிழலும் தண்ணீரும் ஓய்வும்தான் தடுக்கின்றன. அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் மறுமையில் நற்பேற்றை வழங்குவானாக.

துணைவர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். அயர்ன் மாஸ்டராக வேலை பார்க்கும் ஒருவர், மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறார். "சோறு வேண்டாம், தலை வலிக்குது" என்று படுத்துவிடுகிறார். அரை மணி கழித்து மனைவி எழுப்புகிறார். "சீட்டுப் பணம் கட்டியாச்சா?" என்று கேட்டால், "லாரி வந்துருச்சா?" என்கிறார். உடம்பு கொதிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "பிரஷராக இருக்கும், தூங்கட்டும்" என்கிறார். இன்னொருவர் "காய்ச்சல் மாத்திரை கொடுங்கள்" என்கிறார்.

அந்த மனைவிக்குத் தெரிந்த ஒன்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. தன் கணவர் இப்படிப் பேசுகிறவர் அல்லர் என்பதே அது. அந்த அறிவுதான் உயிரைக் காக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று என்ன கிழமை? நாம் எங்கே இருக்கிறோம்? பிள்ளைகளின் பெயர் என்ன? பதில் தடுமாறினால், உடம்பும் சுட்டால், அதை வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். சர்க்கரை குறைந்ததா, பக்கவாதமா என்று வீட்டில் விவாதிக்க வேண்டாம். எதுவாக இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டிய நிலைதான் அது.

முதல் அரை மணி நேரம்

இதில் விதி ஒன்றுதான்: ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்விக்காமல் வண்டிக்காகக் காத்திருப்பதும், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நெரிசலில் நிற்பதும் பொன்னான நேரத்தை வீணாக்கும்.

1. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். "வெயிலில் விழுந்துவிட்டார், உடம்பு கொதிக்கிறது, நினைவு தடுமாறுகிறது" என்று சொல்லி, தெருவின் பெயரோடு அருகிலுள்ள பள்ளிவாசல் அல்லது கம்பெனியின் பெயரையும் சொல்லட்டும்.
2. மற்றவர் அவரை நிழலுக்கு நகர்த்தி, இறுக்கமான உடைகளைத் தளர்த்த வேண்டும்.
3. உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். பிறகு ஃபேனைப் போடுங்கள். கரண்ட் இல்லாவிட்டால் அட்டையால் வேகமாக விசிறுங்கள். தோல் உலர உலர மீண்டும் நனையுங்கள்.
4. நம் ஊரில் பனியன் வேஸ்ட் துணி இல்லாத வீடு இல்லை. பருத்தித் துணி தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். அதை நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் வையுங்கள், சூடேறியதும் மாற்றுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி அதே இடங்களில் வைக்கலாம்.
5. நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர், ஜூஸ், சோடா எதையும் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலுக்கான மருந்து, இந்தச் சூட்டைக் குறைக்காது. சற்றுத் தெளிந்துவிட்டார் என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். உள்ளுறுப்புகளின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம், இரத்தப் பரிசோதனை அவசியம். தாராபுரம் சாலையிலுள்ள நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு உண்டு.

கூச்சமும் நோன்பும்

தெருவிலோ வேலை இடத்திலோ ஒரு சகோதரி விழுந்தால், புர்காவைத் தளர்த்தவும் தண்ணீர் ஊற்றவும் சுற்றி நிற்பவர்கள் தயங்குகிறார்கள். நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பது மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஒப்புக்கொண்ட விதி. உயிர் ஊசலாடும்போது தலைத்துணியை, காலுறையை, மேலாடையைத் தளர்த்துவதில் குற்றமில்லை. பெண்கள் இருந்தால் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அவர்கள் செய்யட்டும். யாரும் இல்லாவிட்டால் அங்கே இருக்கும் ஆண்கள் செய்தே ஆக வேண்டும். இதைக் கணவன்மார்கள் இன்றே வீட்டில் பேசித் தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

இப்போது ரமளான் வெயில் தணிந்த மாதங்களுக்கு நகர்ந்துவிட்டாலும், விடுபட்ட களா நோன்புகளைப் பெண்கள் பலர் கோடையில்தான் நோற்கிறார்கள். நோயாளி நோன்பை விட்டுவிட்டு வேறு நாளில் நோற்க அல்பகரா அத்தியாயத்தின் 185-ஆம் வசனம் அனுமதி தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை முறிப்பது கடமையாகிவிடும். தலைசுற்றி விழும்வரை பொறுத்திருப்பது தக்வா ஆகாது. களா நோன்பைக் குளிர்ந்த மாதங்களுக்குத் தள்ளிவைப்பது பற்றி உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேளுங்கள்.

தண்ணீரும் உப்பும்

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள். மணிக்கணக்கில் வியர்த்தவர் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் சரியல்ல, உப்பும் வேண்டும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. ஓஆர்எஸ் பவுடர் என்றால், ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி அளந்து போடுங்கள். பழச்சுவைப் பானங்களை ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆகவே கடையில் உறையைப் படித்து வாங்குங்கள்.

கம்பெனி நடத்தும் சகோதரர்களுக்கு

250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. சிறிய யூனிட்டுக்கும் ஒரு மண்பானை பெரிய செலவல்ல. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்த பிறகு, 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவமனைத் தயார்நிலை, பின்னாளில் கூரைக்கு வெள்ளை பூசுதல் என அது விரிந்தது. இவற்றில் பாதியை ஒரு கம்பெனி முதலாளியே செய்துவிடலாம். கூரைக்கு வெள்ளை, மதியம் கூடுதலாகப் பத்து நிமிட ஓய்வு, சுத்தமான பெண்கள் கழிப்பறை. கடைசியில் சொன்னதும் தண்ணீர் ஏற்பாடுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து கீழ்க்கண்டவற்றுக்கு விடை சொல்லிப் பாருங்கள்.

- வெப்பச் சோர்வையும் வெப்பத் தாக்கையும் பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம் எது?
- 108-க்குச் சொல்ல நம் வீட்டின் அடையாளம் என்ன?
- வீட்டில் ஓஆர்எஸ் பாக்கெட் எங்கே இருக்கிறது? அது பிள்ளைகளுக்கும் தெரியுமா?
- நினைவு தடுமாறியவருக்கு ஏன் தண்ணீர் புகட்டக் கூடாது?

நான்குக்கும் இருவரும் விடை சொன்னால் இப்பாடம் உங்கள் வீட்டில் நிறைவேறியது. பிறகு பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் வடமாநிலத் தம்பதிக்கும் சைகையிலாவது சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்கு இந்த ஊரில் வேறு சொந்தம் இல்லை. அல்லாஹ் நம் அனைவரின் குடும்பங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.